உழவு இயந்திரத்தின் முன் அச்சில் இறுகிய குண்டு மூட்டைக் கழற்றும் முறை

நெல், மரக்கறிச் செய்கையாளருக்கான விளக்கம்

1. இதனை ஏன் அறிந்திருத்தல் வேண்டும்?

மட்டக்களப்புப் பகுதியின் பெரும் வயல்வெளிகள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அமைந்துள்ளன. மரக்கறித் தோட்டங்களிற் பல வாவிக்கும் கடலுக்கும் இடையே எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில் உள்ளன. இரு கரைக் கமக்காரருக்கும் இன்று உழவு இயந்திரமே முதன்மையான துணையாகும். நிலத்தை உழுதல், சேறடித்தல், விதைநெல்லையும் பசளையையும் வட்டைக்குக் கொண்டு செல்லுதல், அறுவடை நெல்லைப் பெட்டியில் ஏற்றி வருதல், கத்தரியையும் மிளகாயையும் சந்தைக்குச் சேர்த்தல் ஆகிய யாவும் அதனாலேயே நடைபெறுகின்றன.

சிறுபோகத்தில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்களின் கீழ், ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த நாளில் நீர் திறக்கப்படும். அந்த வாரத்தில் இயந்திரம் முடங்கி நின்றால் நீர் நமக்காகக் காத்திராது. பெரும்போகத்திலும் மழைக்கு முந்திய சில நாட்களே புழுதி விதைப்புக்கு ஏற்றவை. முன் அச்சிலுள்ள ஒரு சிறு மூட்டுப் பழுதடைந்தமையால் அந்நாட்களை இழப்பது பெரும் நட்டமாகும்.

அம்மூட்டை மாற்றுதல் கடினமான வேலையன்று. ஆயினும் அது இறுகிக் கழலாமல் நிற்கும்போது பலர் சம்மட்டியை எடுத்துத் தண்டின் நுனியில் ஓங்கி அடிக்கின்றனர். தண்டின் திருகுப்புரி நசுங்குகின்றது, மூட்டோ அசைவதில்லை. ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய வேலை பல நாட்களுக்கு நீள்கின்றது. சிலவேளை விரலோ கண்ணோ பழுதாகின்றது. மூட்டு எதனால் இறுகுகின்றது என்பதை விளங்கிக் கொண்டால் இவை யாவும் தவிர்க்கப்படும். அதனையே இங்கு விளக்குகின்றோம்.

இரு சில்லுக் கை உழவு இயந்திரத்தில் இம்மூட்டு இல்லை. ஆகவே இவ்விளக்கம் நான்கு சில்லு இயந்திரம் வைத்திருப்போருக்கே உரியது. கார், சிறு லொறி வைத்திருப்போருக்கு இறுதியிற் சில குறிப்புகள் தரப்பட்டுள்ளன.

2. மூட்டின் அமைப்பு

சுக்கானைத் திருப்பும்போது முன் சில்லுகள் திரும்புவதற்கு இடையில் நீண்ட கோல்கள் உள்ளன. இவற்றுள் சுக்கான் பெட்டியிலிருந்து சில்லுக்குச் செல்வதை இழுகோல் என்பர். இரு சில்லுகளையும் இணைப்பதைக் கராச்சுகளில் டைறொட் என்பர். கோலின் முனை சில்லின் சுக்கான் புயத்தோடு சேரும் இடத்தில் குண்டு மூட்டு அமைந்துள்ளது. போல் ஜொயின்ற் என்று நீங்கள் கேட்டு வாங்குவது இதனையே.

இம்மூட்டில் நான்கு பகுதிகளைக் கவனியுங்கள். முதலாவது, கிண்ணத்தினுள் சுழலும் உருக்குக் குண்டு. இரண்டாவது, அக்குண்டோடு ஒன்றாக அமைந்த தண்டு. இத்தண்டு நேரான உருளையன்று. அடியிற் பருத்து நுனியிற் சிறுத்த கூம்பு வடிவினது. மூன்றாவது, சுக்கான் புயத்தின் நுனியிலுள்ள கண். தண்டு அமர்வதற்காக அக்கண்ணின் துளையும் கூம்பாகவே கடையப்பட்டுள்ளது. நான்காவது, தண்டின் நுனியிலுள்ள நட்டும் அது கழலாமற் காக்கும் பிளவு ஊசியும். குண்டினுள் மண் புகாதவாறும் கிறீஸ் வெளியேறாதவாறும் ஒரு றப்பர் உறை கிண்ணத்தின் வாயை மூடியிருக்கும்.

பழைய பெர்குசன் இயந்திரத்திலும், அதன் வழிவந்து 1964 இல் வெளிவந்த மாஸி பெர்குசன் 135 இலும் இயந்திரத்தின் இருபுறமும் ஒவ்வோர் இழுகோல் உண்டு. ஒவ்வொரு கோலின் இரு முனையிலும் ஒவ்வொரு குண்டு மூட்டாக நான்கு மூட்டுகள் உள்ளன. முன் அச்சையோ அதன் ஒரு பக்கத்தையோ கழற்ற வேண்டுமாயின் முன் முனையிலுள்ள மூட்டுகளைப் பிரித்தாற் போதும். பின் முனையைத் தொட வேண்டியதில்லை. வேறு வகை இயந்திரங்களில் அமைப்பு மாறுபடலாம். எனினும் கூம்புத் தண்டும் கூம்புத் துளையும் பொதுவானவையே.

3. மூட்டு ஏன் இறுகுகின்றது?

நட்டே தண்டைப் பிடித்து வைத்திருக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். நட்டின் வேலை தண்டைத் துளையினுள் இழுத்து அமர்த்துவதாகும். அமர்ந்த பின் தண்டைப் பிடித்து வைத்திருப்பது கூம்பேயாகும். ஆதலால் நட்டை முற்றாகக் கழற்றிய பின்னரும் மூட்டுப் பிரிவதில்லை.

இதற்கு மண்வெட்டிப் பிடியில் அடிக்கும் ஆப்பை உவமை கூறலாம். சரிவு மிகுந்த ஆப்பு அடித்தவுடன் திரும்பி வெளியே வந்துவிடும். சரிவு குறைந்த மெல்லிய ஆப்போ உள்ளே சென்றபின் தானாக வெளிவராது. குண்டு மூட்டின் தண்டு மெல்லிய ஆப்பைப் போன்றது. பொதுவாக 10 மில்லிமீற்றர் நீளத்துக்கு 1 மில்லிமீற்றரோ, 8 மில்லிமீற்றர் நீளத்துக்கு 1 மில்லிமீற்றரோ அதன் விட்டம் குறைகின்றது. பத்துக்கு ஒன்று என்ற கூம்பில் ஒவ்வொரு பக்கத்தின் சரிவும் ஏறத்தாழ 3 பாகையே. காய்ந்த உருக்கின்மேல் உருக்கு வழுக்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 8 பாகைச் சரிவாவது வேண்டும். எனவே எவ்வளவு காலம் சென்றாலும் தண்டு தானாக வழுக்கி வெளியே வாராது. சுக்கான் பாதுகாப்பாக இருப்பதற்காகவே இவ்வாறு அமைத்துள்ளனர்.

இவ்வியல்பான பிடிக்கு மேலதிகமாகத் துருவும் சேருகின்றது. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக் கொள்ளும். கூம்புக்கும் துளைக்கும் இடையே துரு உண்டாயின் அது புதிய ஆப்பு ஒன்றை அடித்ததற்கு ஒப்பாகும்.

நமது பகுதியில் துரு விரைவாகப் பிடிப்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

(அ) வாவியின் உவர்ப்பு. மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கின்றது. கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் இவ்வுப்பு வாவியினுள் வருகின்றது. வாவியோரத் தாழ்நிலங்களின் சேற்றிலும் கடற்காற்றிலும் உப்பு உள்ளது.

(ஆ) பசளை. பொட்டாசுப் பசளையாக நாம் இடும் எம்.ஓ.பி. ஒரு குளோரைட்டு உப்பாகும். யூரியாவும் ஈரத்தை இழுக்கும். பெட்டியிலிருந்து சிந்திய பசளை அச்சின்மேல் படிந்து ஈரமானால் இரும்பை அரிக்கும்.

(இ) சேற்றுழவு. மூட்டுகள் பல நாட்கள் தொடர்ந்து சேற்றில் அமிழ்கின்றன. வைக்கோலும் முட்செடியும் றப்பர் உறையைக் கிழித்து நீர் புக வழி செய்கின்றன.

4. மூட்டை மாற்ற வேண்டுமா என அறிதல்

பிரிப்பதற்கு முன் மூட்டு உண்மையிலே தேய்ந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். ஒருவர் சாரதி இருக்கையில் அமர்ந்து சுக்கானை இருபுறமும் சிறிது சிறிதாக அசைக்கட்டும். நீங்கள் மூட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். கோல் அசைந்து, புயம் அசையச் சற்றுத் தாமதித்தால், அல்லது "டக்" என்ற தட்டல் கையில் உணரப்பட்டால் குண்டு தேய்ந்துள்ளது. கோலைக் கையால் மேலுங் கீழும் உயர்த்தும்போது குண்டு கிண்ணத்தினுள் ஆடினாலும் அவ்வாறே. றப்பர் உறை மட்டும் கிழிந்து குண்டு இறுக்கமாக இருப்பின் உறையை மட்டும் மாற்றலாம். அவ்வாறாயின் மூட்டைச் சேதமின்றிப் பிரித்தல் வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தேய்ந்த மூட்டை "இந்தப் போகம் போகட்டும்" என்று விட்டு வைத்தல் ஆகாது. குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றால் அந்தச் சில்லு சுக்கானுக்குக் கட்டுப்படாது தன் போக்கிலே திரும்பும். பெட்டியில் நெல்லும், நெல்லின்மேல் ஆட்களும் இருக்க, ஒருபுறம் வாய்க்காலும் மறுபுறம் வயலுமாகவுள்ள அணைக்கட்டுப் பாதையில் இவ்வாறு நேர்ந்தால் விளைவு யாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

5. ஆயத்தம்

தேவையான கருவிகள்: நட்டுக்குப் பொருந்திய ஸ்பனர், குறடு, இரும்புத் தூரிகை, ஏறத்தாழ 1 கிலோ நிறையுள்ள சுத்தியல் ஒன்று, அதனிலும் பாரமான சம்மட்டி அல்லது உருக்குக் கட்டி ஒன்று, ஜாக்கி, தடித்த மரக் குற்றிகள், துரு இளக்கும் எண்ணெய், புதிய பிளவு ஊசி, கண்ணைக் காக்கும் கண்ணாடி.

இடம்: சேற்றிலும் புதைமணலிலும் இவ்வேலையைச் செய்தல் கூடாது. இறுகிய தரையில் அல்லது நெல் உலர்த்தும் சீமெந்துத் தளத்தில் செய்யுங்கள். மணல் நிலமாயின் ஜாக்கியின் கீழ்த் தடித்த பலகையை இடுங்கள். பெட்டியையும் கலப்பையையும் முன்னதாகக் கழற்றி விடுங்கள்.

தாங்கல்: இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை எடுத்து, தடுப்பை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடை வையுங்கள். உழவு இயந்திரத்தின் முன் அச்சு நடுவிலுள்ள ஓர் ஊசியில் ஊஞ்சல் போல் ஆடும் இயல்புடையது. ஆதலால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தினால் இயந்திரத்தின் உடல் மறுபக்கம் சாயக்கூடும். அச்சுக்கும் உடலுக்கும் இடையே இரு பக்கத்திலும் மர ஆப்புகளை இறுக்கிய பின்னரே உயர்த்துதல் வேண்டும். உயர்த்தியவுடன் மரக் குற்றிகளை உடலின் கீழ் அடுக்கி, பாரத்தை அவற்றின்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் இயந்திரத்தின் கீழ் செல்லுதல் கூடாது. செங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் தாங்கலாக வைத்தல் கூடாது. அவை அறிகுறி யாதும் காட்டாது வெடித்துவிடும்.

6. பிரிக்கும் முறை

முதலாம் படி. முதல் நாள் மாலையிலே மூட்டைச் சுற்றியுள்ள சேற்றை நீரால் கழுவி, காய்ந்த பின் இரும்புத் தூரிகையால் தேய்த்து, திருகுப்புரியிலும் கண்ணின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். கடையில் அவ்வெண்ணெய் கிடையாவிடின் டீசலோடு சிறிது இயந்திர எண்ணெய் கலந்து விடலாம். ஓர் இரவு ஊறட்டும். காலையில் மீண்டும் ஒருமுறை விடுங்கள்.

இரண்டாம் படி. பிளவு ஊசியின் கால்களைக் குறட்டால் நேராக்கி இழுத்தெடுங்கள். துருவால் ஒடிந்து உள்ளே நின்றால் மெல்லிய ஆணியால் தட்டி வெளியேற்றுங்கள். ஊசி உள்ளே இருக்க நட்டைத் திருகினால் திருகுப்புரி கெடும்.

மூன்றாம் படி. நட்டைத் தளர்த்துங்கள். அதனை முற்றாகக் கழற்றாது, தண்டின் நுனியும் நட்டின் முகமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை மட்டும் கழற்றி அவ்வாறே விட்டு வையுங்கள். இதனால் இரு நன்மைகள் உண்டு. மூட்டு திடீரெனப் பிரியும்போது கோல் பாய்ந்து உங்கள் கையிலோ முகத்திலோ அடிக்காது. திருகுப்புரியும் காக்கப்படும்.

நான்காம் படி. இதுவே முக்கியமானது. அடிக்க வேண்டிய இடம் தண்டன்று, புயத்தின் கண்ணேயாகும். கண்ணின் ஒரு பக்கத்தில் பாரமான சம்மட்டியையோ உருக்குக் கட்டியையோ அழுத்திப் பிடியுங்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சுத்தியலால் உறுதியாக, ஆனால் அளவாக, அடியுங்கள். இரு புறமும் நெருக்கப்பட்ட கண் கணப்பொழுது நீள்வட்டமாகிப் பின் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அக்கணத்தில் கூம்பின் பிடி விடுபட்டு, தண்டு ஓசையுடன் நட்டின்மேல் வந்து விழும். ஐந்தாறு அடியில் விடுபடாவிடின் சுத்தியலையும் கட்டியையும் கால்வட்டம் தள்ளிப் பிடித்து மீண்டும் அடியுங்கள். இடையிடையே எண்ணெய் விடுங்கள். ஒவ்வோர் அதிர்விலும் எண்ணெய் சிறிது சிறிதாக உள்ளே செல்லும்.

அடிக்கும்போது உதவியாள் ஒருவர் கோலைப் புயத்திலிருந்து விலகும் திசையில் நெம்பிக் கொண்டிருந்தால் வேலை விரைவில் முடியும். இழுவையும் அதிர்வும் ஒருங்கே சேர்ந்தால் எந்தக் கூம்பும் நெடுநேரம் நில்லாது.

சுத்தியல் முகத்தில் சுத்தியல் முகத்தை ஒருபோதும் அடித்தல் கூடாது. கடினமான உருக்குகள் மோதினால் சில்லுச் சில்லாகத் தெறித்துக் கண்ணைக் குருடாக்கும். அடிப்பவரும் பிடிப்பவரும் கண்ணாடி அணிதல் வேண்டும். சிறுவர்களை அருகில் நிற்க விடாதீர்கள்.

7. மேற்கூறிய முறையால் பிரியாவிடின்

திருகு இழுவை: கராச்சுகளில் புளர் என்பர். இதன் இரு கால்களும் புயத்தின் கண்ணைப் பற்றிக் கொள்ள, நடுத்திருகு தண்டின் நுனியைத் தள்ளும். நட்டைத் தண்டின் நுனி மட்டத்தில் விட்டே இதனைப் பூட்டுங்கள். திருகை இறுக்கிவிட்டு, அவ்விறுக்கம் இருக்கும்போதே கண்ணின் பக்கத்தில் சுத்தியலால் ஓர் அடி கொடுங்கள். திருகை மேன்மேலும் முறுக்குவதிலும் இவ்வோரடி பயன் மிக்கது. றப்பர் உறையும் சேதமுறாது. அயலிலுள்ள கமக்காரர் சிலர் சேர்ந்து இக்கருவி ஒன்றை வாங்கி வைத்திருத்தல் நல்லது.

கவட்டு ஆப்பு: இரு பற்களுள்ள இவ்வாப்பைக் குண்டுக்கும் புயத்துக்கும் இடையே வைத்து அடித்தால் மூட்டு விரைவில் பிரியும். ஆயின் றப்பர் உறை கட்டாயமாகக் கிழியும். மூட்டைக் கழித்துவிடுவதென முடிவு செய்திருந்தால் மட்டுமே இதனைப் பயன்படுத்துங்கள்.

நெருப்பு: வாயு விளக்கால் கண்ணைச் சுடுவது பலரும் நாடும் வழி. இதனை நாம் பரிந்துரைப்பதில்லை. சுக்கான் புயம் வெப்பப் பதம் ஏற்றிய உருக்கு. சிவக்கச் சுட்டால் அதன் வலிமை குன்றிப் பின்னொரு நாள் பாரத்தில் வளையும் அல்லது ஒடியும். மூடிய கிண்ணத்தினுள் உள்ள கிறீஸ் சூடேறி வெடிக்கவும் கூடும். ஊறவிட்ட எண்ணெயும் டீசலும் அருகிலுள்ள வைக்கோலும் தீப்பற்றும். பிற முறைகளால் பிரியாத மூட்டை அனுபவமுள்ள தொழிலாளரிடம் ஒப்படைப்பதே முறை.

8. மீண்டும் பொருத்துதல்

பழைய மூட்டைக் கோலிலிருந்து கழற்றும் முன், எத்தனை புரி வெளியே தெரிகின்றது என எண்ணி, சுண்ணக் கட்டியால் எழுதி வையுங்கள். கழற்றும்போது எத்தனை சுற்று எனவும் எண்ணுங்கள். புதிய மூட்டை அதே அளவுக்குத் திருகினால் சில்லுகளின் நேர் பெரிதும் மாறாது. கோலின் ஒரு முனையில் இடப்புரியும் மறு முனையில் வலப்புரியும் இருக்கக்கூடும். ஆகவே வாங்கும்போது பழைய மூட்டையும் கையில் கொண்டு செல்லுங்கள். புரியும் கூம்பின் பருமனும் ஒத்திருத்தல் வேண்டும்.

புயத்தின் கூம்புத் துளையை மண்ணெண்ணெயால் கழுவித் துணியால் நன்கு துடையுங்கள். துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ புயத்தையும் மாற்றுதல் வேண்டும். புதிய தண்டு கையால் அழுத்தியவுடன் ஆட்டமின்றி அமர வேண்டும். அமராது தளர்ந்து நின்றால் மூட்டின் அளவு பிழையாகும். நட்டை இறுக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள்.

இனி ஒருபோதும் இறுகாதிருக்கும் என எண்ணிக் கூம்பின்மேல் கிறீஸ் பூசுவோர் உளர். இது தவறு. கூம்பின் பிடி உராய்வினாலேயே உண்டாகின்றது. கிறீஸ் பூசினால் தண்டு அளவுக்கு மிஞ்சி உள்ளே சென்று கண்ணைப் பிளக்கலாம். அல்லது நாளடைவில் தளரலாம். கூம்பு தூய்மையாகவும் காய்ந்தும் இருத்தல் வேண்டும். திருகுப்புரியிலும், இறுக்கிய பின் கண்ணின் வெளிப்புறத்திலும் மட்டும் கிறீஸ் பூசுங்கள்.

நட்டை இறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுழலுமாயின், கிண்ணத்தின் கீழ் ஜாக்கியை வைத்துச் சிறிது மேல்நோக்கி அழுத்துங்கள். கூம்பு அமர்ந்து தண்டு நின்றுவிடும். கைநூலிற் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு நட்டை இறுக்குங்கள். பின் பிளவு ஊசியின் துளையும் நட்டின் வெட்டும் நேர்படாவிடின் நட்டை மேலும் சிறிது இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டு வாருங்கள். நேர்படுத்துவதற்காக நட்டைத் தளர்த்துதல் கூடாது. பழைய ஊசியையோ கம்பித் துண்டையோ இடாது புதிய ஊசியையே இடுங்கள்.

ஆப்புகளையும் குற்றிகளையும் அகற்றி இயந்திரத்தை இறக்கிய பின் சுக்கானை இரு பக்கமும் எல்லை வரை திருப்பிப் பாருங்கள். முன் சில்லுகளின் முற்பக்க இடைவெளியையும் பிற்பக்க இடைவெளியையும் அளந்து கைநூலோடு ஒப்பிடுங்கள். வெற்று இயந்திரத்தை மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிய பின் நட்டை மீண்டும் பரிசோதியுங்கள். அதன் பின்னரே பெட்டியைப் பூட்டுங்கள்.

9. கார், சிறு லொறி வைத்திருப்போருக்கு

மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் சிறு லொறிகளின் டைறொட் முனைகளுக்கு மேற்கூறிய முறை அப்படியே பொருந்தும்.

முன் சில்லு இழுவையுள்ள கார்களில் சில்லுக்குச் செல்லும் அச்சுத் தண்டை மாற்ற வேண்டுமாயின், சில்லின் தாங்கியை வெளிப்புறம் சாய்ப்பதற்காகக் கீழ்ப் புயத்தின் குண்டு மூட்டைப் பிரித்தல் வேண்டும். தொடங்கும் முன் அமைப்பை உற்றுப் பாருங்கள். மூன்று வகைகள் உள்ளன.

(அ) கூம்புத் தண்டு நேரே தெரிவது. இதற்கு 6 ஆம் பகுதியிற் கூறிய முறையே உரியது. வார்ப்பிரும்பு அல்லது அலுமினியத் தாங்கியாயின் கடுமையாக அடித்தல் கூடாது. திருகு இழுவையே தகுந்தது.

(ஆ) குண்டு மூட்டுக் கீழ்ப் புயத்தோடு இரண்டு அல்லது மூன்று நட்டுகளால் பூட்டப்பட்டது. இதில் கூம்பைத் தொடவே வேண்டியதில்லை. அந்நட்டுகளைக் கழற்றிப் புயத்தைக் கீழே நெம்பினால் தாங்கி விடுபடும். இதை அறியாது கூம்போடு நெடுநேரம் போராடுதல் வீண் வேலை.

(இ) பிளந்த கண்ணில் தண்டை நுழைத்துக் குறுக்கே ஓர் ஆணியால் நெருக்கியது. அவ்வாணி தண்டிலுள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும். ஆதலால் தளர்த்துவது போதாது. முற்றாக உருவி எடுத்தல் வேண்டும். பின் பிளவைத் தட்டை ஆப்பால் மிகச் சிறிது விரித்து, புயத்தை நெம்பி இறக்குங்கள். மீண்டும் பூட்டும்போது ஆணி பள்ளத்தில் அமர்ந்துள்ளதை உறுதி செய்யுங்கள்.

சில்லின் நடுவிலுள்ள பெரிய அச்சு நட்டைக் காரை உயர்த்துவதற்கு முன், சில்லு தரையில் நிற்கும்போதே தளர்த்துதல் வேண்டும். அச்சுத் தண்டின் வெளிமுனையை விடுவித்த பின் அதனைத் தொங்க விடாது கயிற்றால் தாங்கிக் கட்டுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் உள் மூட்டுக் கழன்றுவிடும். உள்முனையை அதன் வாயிலேயே நெம்பி எடுங்கள். கியர்ப் பெட்டியிலிருந்து எண்ணெய் வடியுமாதலால் பாத்திரம் ஒன்றை வையுங்கள். இறுதியில் எண்ணெய் மட்டத்தைச் சரிசெய்ய மறவாதீர்கள்.

10. மூட்டு மீண்டும் இறுகாதிருக்க

— வாவியோர வயலில் வேலை செய்த நாளின் மாலையில், முன் அச்சை நன்னீரால் கழுவுங்கள். உவர் நீரால் கழுவுதல் கழுவாது விடுவதிலும் தீது.

— பசளை ஏற்றி இறக்கிய பின் பெட்டியையும் அச்சையும் கழுவுங்கள்.

— கிறீஸ் முலை உள்ள மூட்டுகளுக்குச் சேற்றுழவுக் காலத்தில் நாள்தோறும் கிறீஸ் ஏற்றுங்கள். பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே வரும்வரை ஏற்றினாற் போதும். றப்பர் உறை புடைத்து வெடிக்குமளவுக்கு ஏற்றாதீர்கள்.

— கிழிந்த றப்பர் உறையை அந்த வாரமே மாற்றுங்கள். உறையின் விலை மூட்டின் விலையிற் சிறு பங்கே.

— ஒவ்வொரு போகத்துக்கும் முன், பெரும்போகத்துக்கு ஆவணியிலும் சிறுபோகத்துக்குப் பங்குனியிலும், 4 ஆம் பகுதியிற் கூறிய பரிசோதனையைச் செய்யுங்கள். ஆட்டமுள்ள மூட்டை அப்போதே மாற்றுங்கள்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் உழவு இயந்திரங்களும் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தன. இன்று பாலத்தால் நகரிலுள்ள கராச்சும் உதிரிப்பாகக் கடையும் அண்மையில் வந்துள்ளன. ஆயினும் நடு வட்டையில் நிற்கும் இயந்திரத்துக்கு உதவி வந்து சேர இன்றும் காலம் செல்லும். கருவிப் பெட்டியில் உரிய ஸ்பனரும், இரு சுத்தியலும், புதிய பிளவு ஊசிகளும், துரு இளக்கும் எண்ணெயும் இருக்கட்டும். தண்டை அடியாது கண்ணை அடிக்க வேண்டும் என்பதை உங்கள் இயந்திரத்தை ஓட்டும் இளைஞருக்கும் சொல்லிக் கொடுங்கள். மேலதிக விளக்கம் தேவைப்படுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.